முரட்டு ஆட்டத்தைப் பந்தால் வென்ற தியான் சந்த்

பனி ஹாக்கியில் எதிரணி வீரரைத் தோளால் மோதித் தடுக்க விதிகள் இடமளிக்கின்றன. புல்தரை ஹாக்கியில் அதற்கு அனுமதி இல்லை. ஆயினும், 1936 பெர்லின் ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் இந்திய அணி முரட்டு ஆட்டத்தை எதிர்கொள்ள நேர்ந்தது. அணித்தலைவர் தியான் சந்த் அதற்குப் பந்தைக் கொண்டே பதிலளித்தார்.

1905 ஆகஸ்ட் 29 அன்று அலகாபாத்தில் பிறந்த அவர், 1922-இல் ராணுவத்தில் சேர்ந்தார். 1928, 1932 ஒலிம்பிக் போட்டிகளில் தங்கம் வென்ற இந்திய அணிகளில் இடம்பெற்றார்.

பெர்லினில் பயிற்சி ஆட்டமொன்றில் ஜெர்மனியிடம் இந்தியா 1-4 எனத் தோற்றிருந்தது. ஆகஸ்ட் 15 அன்று இறுதிப் போட்டியிலும் அதே அணியே எதிரணி. முற்பாதியில் இந்தியா ஒரு கோல் மட்டுமே அடித்தது. பிற்பாதியில் கோல்கள் பெருகவே, ஜெர்மானியர் உடல் பலத்தை நாடினர். கோல்கீப்பருடன் மோதியதில் தியான் சந்தின் பல் உடைந்தது.

சிகிச்சைக்குப் பின் களம் திரும்பிய அவர் பழிவாங்க முனையவில்லை. பந்தைக் கோல் வட்டம் வரை கொண்டுசென்று, கோல் அடிக்காமலே பின்னுக்கு அனுப்புமாறு சக வீரர்களைப் பணித்ததாகக் கூறப்படுகிறது. இந்தியா 8-1 என வென்றது. அத்தொடரில் இந்தியா விட்டுக்கொடுத்த ஒரே கோல் அதுவே.

அடியைத் தாங்கும் உறுதியும், அடிக்கு அடி கொடுக்காத நிதானமும் அவரது திறனுக்குத் துணைநின்றன. 1956-இல் பத்ம பூஷண் விருது பெற்ற தியான் சந்த், 1979 டிசம்பர் 3 அன்று தில்லியில் காலமானார். அவரது பிறந்த நாள் தேசிய விளையாட்டு தினமாகக் கொண்டாடப்படுகிறது.