தேர்வில் தவறிய மருத்துவர் ரொனால்டு ராஸ்

ஒவ்வோர் ஆண்டும் நீட் தேர்வு முடிவுகள் வெளிவந்த பின், நம் நீலகிரி மலையில் பல வீடுகளில் பேச்சுக் குறைந்துவிடுகிறது. உதகையிலும் குன்னூரிலும் கோத்தகிரியிலும், தேயிலை எஸ்டேட் லயன் வீடுகளிலும் இதை நாம் பார்த்திருக்கிறோம். கொழுந்து பறித்துச் சேர்த்த பணத்தோடு கடனும் வாங்கிப் போட்டு, பிள்ளையைக் கோவையில் தங்கவைத்துப் பயிற்சி வகுப்புக்கு அனுப்பிய பெற்றோர் நம்மிடையே உண்டு. 2022ஆம் ஆண்டு ஜனவரி மாதம் உதகையிலேயே 150 இடங்களோடு அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டபோது, மருத்துவப் படிப்பு நம் வாசலுக்கே வந்துவிட்டது என்று மகிழ்ந்தோம். ஆனால் கல்லூரி பக்கத்தில் இருப்பதாலேயே அதில் இடம் கிடைக்காதது இன்னும் அதிகமாக வலிக்கிறது. தினமும் பேருந்தில் அந்தப் பக்கம் போகும் பிள்ளைக்கு அந்த வலி தெரியும்.

720 மதிப்பெண்ணுக்கு எழுதிய தேர்வில் குறைவாக வாங்கிவிட்டு, இடமும் கிடைக்காமல் நிற்கும் பிள்ளை அடுத்து என்ன செய்வது? இன்னொரு முறை எழுதுவதா? வேறு படிப்புக்குப் போவதா? வேலை தேடுவதா? இந்தக் கேள்விக்கு வழி தெரியாமல், கடந்த சில ஆண்டுகளில் தமிழகத்தில் உயிரையே மாய்த்துக்கொண்ட பிள்ளைகளை நாம் அறிவோம். ஆகவே இதை லேசாகப் பேச மனம் வரவில்லை. அறிவுரை கூறுவதைவிட, ஒரு மனிதர் வாழ்ந்த வாழ்க்கையைச் சொல்வது நல்லது என நினைக்கிறோம். அவர் 1897ஆம் ஆண்டு இதே மலையில், உதகையிலிருந்து மசினகுடி செல்லும் சீகூர் சரிவில் மலேரியாக் காய்ச்சல் கண்டவர். பெயர் ரொனால்டு ராஸ். மலேரியாவைப் பரப்புவது கொசுவே என்று நிறுவி நோபல் பரிசு பெற்றவர் என்று பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம். அவர் மருத்துவத் தேர்வில் தவறியவர் என்பதைப் பாடப் புத்தகங்கள் பெரும்பாலும் சொல்வதில்லை.

ராஸ் 1857ஆம் ஆண்டு மே மாதம் 13ஆம் தேதி இமயமலை அடிவாரத்திலுள்ள அல்மோராவில் பிறந்தார். மீரட்டில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்து மூன்றே நாள்கள் ஆகியிருந்தன. தந்தை ஆங்கிலேய இந்தியப் படையில் அதிகாரி. பத்துப் பிள்ளைகளில் மூத்தவரான ராஸ், எட்டு வயதில் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். பெற்றோரைப் பிரிந்து, உறவினர் வீட்டிலும் விடுதியிலும் வளர்ந்த பிள்ளை அவர். கவிதை எழுதுவதிலும் இசையிலும் ஓவியத்திலும் கணிதத்திலும் அவருக்கு ஆசை இருந்தது. பதினான்கு வயதில் கணிதத்துக்குப் பரிசு வாங்கினார். பதினாறு வயதில் ஓவியத் தேர்வில் முதலிடம் பெற்றார். எழுத்தாளராகவோ ஓவியராகவோ ஆக வேண்டும் என்பது அவர் கனவு. மருத்துவராக வேண்டும் என்று அவர் ஒருநாளும் கேட்கவில்லை.

கேட்டவர் அவருடைய தந்தை. மகன் இந்திய மருத்துவப் பணியில் சேர வேண்டும் என்பது அவர் தீர்மானம். அன்று அது நல்ல சம்பளமும் மதிப்பும் உள்ள அரசு வேலை. 1874ஆம் ஆண்டு, 17 வயதில், இலண்டனிலுள்ள புனித பர்த்தலமேயு மருத்துவமனையின் கல்லூரியில் ராஸ் சேர்க்கப்பட்டார். உடல் அங்கே இருந்தது. உள்ளம் அங்கே இல்லை. நாடகமும் பாட்டும் கவிதையும் எழுதிக்கொண்டே ஐந்து ஆண்டுகள் ஓடின. இந்த இடத்தில் நம் ஊர்ப் பெற்றோர் சிலர் சற்றே நெளியக்கூடும். நெளியட்டும். பிள்ளையின் மதிப்பெண்ணைக் கேட்கும் முன், அது யாருடைய ஆசைக்காக எழுதப்பட்ட தேர்வு என்று ஒருமுறை கேட்டுக்கொள்வதில் தவறில்லை.

1879ஆம் ஆண்டு தேர்வுகள் வந்தன. இந்திய மருத்துவப் பணிக்கான போட்டித் தேர்வில் உட்கார, அறுவை மருத்துவம், பொது மருத்துவம் என இரண்டு பக்கமும் தகுதி வேண்டும். அறுவை மருத்துவர்களுக்கான இராயல் கல்லூரியின் தேர்வில் ராஸ் தேறிவிட்டார். ஆனால் பொது மருத்துவம் செய்ய உரிமம் வழங்கிய அப்போதிகரிஸ் சங்கத்தின் தேர்வில் தோற்றுப்போனார். எனவே இந்தியப் பணிக்கான கதவு மூடிக்கொண்டது. ஐந்து ஆண்டுப் படிப்பு, தந்தையின் பணம், குடும்பத்தின் எதிர்பார்ப்பு எல்லாம் பாதியில் நின்றன. அப்போது அவருக்கு வயது 22.

அடுத்து அவர் செய்ததைத்தான் நாம் கவனிக்க வேண்டும். வீட்டில் முடங்கி உட்காரவில்லை. கையில் இருந்த பாதித் தகுதிக்கு என்ன வேலை கிடைக்குமோ அதைத் தேடினார். இலண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே அட்லாண்டிக் கடலில் ஓடிய கப்பலில் மருத்துவராகச் சேர்ந்தார். பெரிய பதவி அல்ல. ஆனால் சம்பளம் உண்டு, நோயாளிகள் உண்டு, இடையில் படிக்க நேரமும் உண்டு. சுமார் இரண்டு ஆண்டுகள் இப்படிப் போயின. 1881ஆம் ஆண்டு, தோற்ற அதே தேர்வை மறுபடி எழுதித் தேறினார்.

அதற்குப் பிறகாவது ஒளிவீசினாரா என்றால், அதுவும் இல்லை! அதே ஆண்டு இந்திய மருத்துவப் பணிக்கான போட்டித் தேர்வில் தேர்வான 22 பேரில் அவர் பதினேழாவது. மேலே வந்தவர்கள் விரும்பியது வங்காள மாகாணத்தை. பதினேழாவதாக வந்தவருக்கு, மூன்று மாகாணங்களில் மதிப்புக் குறைவாக எண்ணப்பட்ட சென்னை மாகாணம் கிடைத்தது. அந்தக் குறைந்த மதிப்பெண்தான் அவரைத் தென்னிந்தியாவுக்குக் கொண்டுவந்தது.

1881ஆம் ஆண்டு இறுதியில் தொடங்கிய அந்தப் பணியின் முதல் ஏழு ஆண்டுகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சென்னை, பெங்களூரு, பர்மா, அந்தமான் என்று ஊர் ஊராக மாற்றினார்கள். படை மருத்துவமனைகளில் வேலை அதிகம் இல்லாத நாள்களில் கவிதையும் நாவலும் எழுதினார். கணித நூல்களை வாங்கித் தாமாகவே படித்தார். 1883இல் பெங்களூரில் தம் பங்களாவில் கொசுத் தொல்லை தாங்காமல், அருகில் தண்ணீர் தேங்கியிருந்த தொட்டியைக் கவிழ்த்துப்போட்டார், கொசு குறைந்தது. அப்போது அது வெறும் வீட்டு வேலை.

1888இல் விடுப்பில் இங்கிலாந்து சென்றபோது அவருக்கு வயது 31. தம் மருத்துவ அறிவு போதாது என்பதை அவரே ஒப்புக்கொண்டதுபோல, பொதுச் சுகாதாரப் பட்டயப் படிப்பில் சேர்ந்தார், நுண்ணுயிரியலும் கற்றார். தந்தைக்காகப் படித்த காலத்தில் வராத ஆர்வம், தானாகப் போய்ச் சேர்ந்த படிப்பில் வந்தது. மறு ஆண்டு ரோசா பிளாக்ஸம் என்பவரை மணந்து இந்தியா திரும்பினார்.

இருந்தும் தவறுகள் ஓயவில்லை. பிரெஞ்சு மருத்துவர் லாவரான் மலேரியா நோயாளியின் இரத்தத்தில் கிருமியைக் கண்டுபிடித்து ஆண்டுகள் பல ஆகியும், ராசால் அதை நுண்ணோக்கியில் காண முடியவில்லை. எனவே அப்படி ஒன்று உண்டா என்றே ஐயுற்றார். 1894இல் இலண்டனில் பேட்ரிக் மேன்சன் என்ற மருத்துவர் அவரை அருகில் உட்காரவைத்து, இரத்தத் துளியில் அந்தக் கிருமியைக் காட்டினார். கொசுவுக்கும் இந்நோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்ற தம் எண்ணத்தையும் சொன்னார். 37 வயதுக்காரர், பல ஆண்டுகள் பணி செய்த அதிகாரி, தாம் நம்பியது தவறு என்று ஏற்றுக்கொண்டு மாணவரைப்போல் மறுபடி தொடங்கினார். மேன்சன் போன்ற ஒருவர் வாய்ப்பது பெரும் பேறு. நம் பிள்ளைகளில் பலருக்கு அப்படிப் பக்கத்தில் உட்கார்ந்து காட்டித்தர ஆள் இல்லை என்பதையும் இங்கே நினைக்கிறோம்.

1895இல் செகந்திராபாத் வந்து கொசுக்களைப் பிடித்து, நோயாளிகளைக் கடிக்கவிட்டு, பின் அவற்றை அறுத்துப் பார்க்கும் வேலையைத் தொடங்கினார். ஈராண்டு முயற்சியிலும் எதுவும் அகப்படவில்லை. காரணம் எளியது: அவர் கையில் இருந்தது மலேரியாவைச் சுமக்காத கொசு இனம். 1897ஆம் ஆண்டு விடுப்பில் உதகை வந்தார். மலை உச்சி குளிர்; அங்கே மலேரியா கிடையாது. ஆனால் சீகூர் சரிவில் இறங்க இறங்க வெப்பம் ஏறும், காய்ச்சலும் ஏறும். அந்தக் காலத்தில் கீழ்ச்சரிவிலிருந்த தோட்டத் தொழிலாளர்கள் இக்காய்ச்சலால் பட்ட பாடு கொஞ்சமல்ல. அதை ஆராயவே அவர் அங்கே இறங்கினார். கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் இன்று பேருந்தில் போகும் நாம், அந்தப் பாதையை ஒரு நோயின் எல்லைக்கோடாக எண்ணிப் பார்ப்பதில்லை. ராசுக்கும் அங்கே மலேரியா வந்தது. பல ஆண்டுகள் பிறரிடம் ஆராய்ந்த நோயை அவர் தம் உடலிலேயே அனுபவித்தார். தேறியதும் செகந்திராபாத் திரும்பி, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

அந்த ஆகஸ்ட் மாதம் கொடும் வெப்பம். விசிறி போட்டால் அறுத்து வைத்த கொசு பறந்துவிடும் என்பதால் விசிறியும் இல்லை. வியர்வையால் நுண்ணோக்கியின் திருகுகள் துருப்பிடித்திருந்தன. உசேன் கான் என்ற மலேரியா நோயாளி, கொசு ஒன்றுக்கு ஓர் அணா கூலிக்குக் கடி வாங்கச் சம்மதித்தார். அவரைக் கடித்த, சிறகில் புள்ளிகளுள்ள புதுவகைக் கொசுவின் இரைப்பைச் சுவரில், 1897 ஆகஸ்ட் 20ஆம் தேதி, அதுவரை யாரும் காணாத உயிரணுக்களை ராஸ் கண்டார். மலேரியாக் கிருமி கொசுவுக்குள் வளர்கிறது என்பதற்கு அதுவே முதல் சான்று. இன்றும் ஆகஸ்ட் 20 உலகக் கொசு நாளாக நினைவுகூரப்படுகிறது. உசேன் கானை நினைவுகூர நாள் எதுவும் இல்லை.

வெற்றி வந்துவிட்டது என்று பார்த்தால், அடுத்த மாதமே அவரை மலேரியா அதிகமில்லாத இராஜபுதனத்துக் கேர்வாராவுக்கு மாற்றிவிட்டார்கள்! மேலிடத்துக்கு அவர் ஆராய்ச்சி ஒரு பொருட்டாகவே இல்லை. மேன்சன் முயன்றதன் பயனாக 1898இல் கல்கத்தாவில் இடம் கிடைத்தது. அங்கே மனிதர்களிடம் ஆராய்வது கடினமாக இருந்ததால் பறவைகளின் மலேரியாவை எடுத்துக்கொண்டார். முகமது பக்ஸ் என்ற உதவியாளர் கொசுப் பிடிப்பதிலும் வளர்ப்பதிலும் துணைநின்றார். அவ்வாண்டு ஜூலையில் கிருமி கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் சேர்ந்து, கடிக்கும்போது அடுத்த உயிருக்குப் போவதைக் காட்டினார். 1899இல் இந்தியப் பணியை விட்டு விலகி, லிவர்பூலில் புதிதாகத் தொடங்கப்பட்ட வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் ஆசிரியரானார். 1902இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. இந்தியாவில் பிறந்தவர்களில் அதை முதலில் பெற்றவர் அவரே.

அவரைப் புனிதராகக் காட்டுவது நம் நோக்கமல்ல. முன்கோபி. இத்தாலிய ஆய்வாளர் கிராசியோடு, முதலில் கண்டவர் யார் என்று பல ஆண்டுகள் கசப்போடு சண்டையிட்டார். வழிகாட்டிய மேன்சனோடும் பிற்காலத்தில் முறித்துக்கொண்டார். தம் உழைப்புக்கு அரசு தகுந்த பணம் தரவில்லை என்ற குறையும் கடைசிவரை இருந்தது. ஆயினும் ஒன்று நம்மை வியக்கவைக்கிறது. மாணவப் பருவத்தில் மருத்துவத்துக்கு இடையூறு எனத் தோன்றிய அந்தக் கணித ஆசை வீணாகவில்லை. கொசுக்களை முற்றிலும் ஒழிக்கத் தேவையில்லை, ஓர் அளவுக்குக் கீழே குறைத்தாலே நோய் அடங்கிவிடும் என்பதை அவர் கணக்குப் போட்டே காட்டினார். 1910இல் வெளியான மலேரியாத் தடுப்பு பற்றிய நூலில் அதைக் காணலாம். கொரோனாக் காலத்தில் தொற்று எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்று நாள்தோறும் கேட்ட கணக்குகளின் வேர்களில் ஒன்று அங்கே இருக்கிறது.

மதிப்பெண் குறைந்த எல்லாரும் நோபல் பரிசு பெறுவார்கள் என்று சொல்ல வரவில்லை. அது பொய்யான ஆறுதல். மறுபடி எழுதத் துணியும் பிள்ளை, அந்த ஓராண்டை எங்கே, எதைச் செய்துகொண்டு கழிக்கப்போகிறது என்பதே நம் கவலை. ஜன்னலை அடைத்த அறையிலா, ராஸ் போனது போன்ற ஏதோ ஒரு கப்பலிலா? மருத்துவமே வேண்டும் என்றில்லாமல் நோயாளிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதே ஆசை என்றால், செவிலியர் பணியும் மருந்தியலும் ஆய்வுக்கூடப் பணியும் அங்கே கொண்டுபோகும். ராஸ் நாள் முழுதும் குனிந்து செய்த வேலை, கண்ணாடித் தகட்டில் இரத்தத் துளியைத் தடவி நுண்ணோக்கியில் பார்ப்பது. நம் ஆரம்பச் சுகாதார நிலையங்களில் காய்ச்சலோடு வருபவர்களுக்கு அதைச் செய்பவர் ஆய்வக நுட்பனர். மருத்துவமே வேண்டாம், தந்தைக்காகத்தான் எழுதினேன் என்று சொல்லும் பிள்ளையும் இருக்கலாம். அதையும் வீட்டில் யாராவது உட்கார்ந்து கேட்க வேண்டும்.

1927ஆம் ஆண்டு ஜனவரியில், எழுபது வயதை நெருங்கிய ராஸ் மறுபடி கல்கத்தா வந்தார். அவர் ஆராய்ந்த மருத்துவமனையின் சுற்றுச்சுவரில் அவர் பெயரால் எழுப்பப்பட்ட நினைவு வாயிலை அவர் முன்னிலையிலேயே திறந்துவைத்தார்கள். 1931இல் மனைவி ரோசா இறந்தார். மறு ஆண்டு செப்டம்பர் 16ஆம் தேதி, நெடுநாள் நோய்க்குப் பின், இலண்டனில் ராசும் இறந்தார். அங்கேயே, பட்னி வேல் கல்லறைத் தோட்டத்தில், மனைவியின் அருகில் அடக்கம் செய்யப்பட்டார்.