டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ்

உலகிற்குப் பெருநன்மை புரிந்தும், சாமானிய மக்கள் தம் பெயரை அறியாவண்ணம் மறைந்த பெரியோர் சிலர் உளர். அவருள் ஒருவர் டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ். சென்னை நகரிலே வைத்தியம் பயின்று, அமெரிக்க நாட்டிலே ஆராய்ச்சி புரிந்து, இரத்தத்தின் வெள்ளணுக்களைப் பற்றிய நோய்களுக்குப் புதிய சிகிச்சை முறை பிறக்கக் காரணமாயிருந்த இவ்வறிஞரின் சரிதம் மாணவர் அனைவரும் அறியத்தக்கது.

சுப்பாராவ் 1895ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 12ஆம் தேதி, அக்காலத்துச் சென்னை இராஜதானியைச் சேர்ந்த பீமவரத்தில், எளிய தெலுங்குக் குடும்பத்திற் பிறந்தார். இளமையில் அவர் படிப்பிற் சிறந்து விளங்கினாரல்லர். மெட்ரிகுலேஷன் பரீட்சையில் மூன்றாம் முயற்சியிலேயே தேறினார். பின்னர் மாநிலக் கல்லூரியிற் கற்று, சென்னை வைத்தியக் கல்லூரியிற் சேர்ந்தார். அவர்தம் சகோதரர் இருவர் ஸ்புரு என்னும் குடல்நோயால் அடுத்தடுத்து மாண்டனர். அந்நோய்க்கு மருந்து காணவேண்டுமென்னும் வேட்கை அத்துயரத்தினின்றே அவருள்ளத்தில் எழுந்தது.

காந்தியடிகளின் சுதேசி இயக்கத்தில் ஈடுபட்ட அவர், சத்திர சிகிச்சைக் கூடத்திலும் கதர் அங்கியையே அணிந்தார். அதனால் ஆங்கிலேயப் பேராசிரியர் ஒருவரின் வெறுப்புக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்தை இழந்து, அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். பட்டமே பெற்றார். சிலகாலம் சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூற்று நூல் கற்பித்தார். பின்பு மாமனாரும் தருமஸ்தாபனம் ஒன்றும் அளித்த பொருளுதவியைக்கொண்டு, 1920களின் தொடக்கத்தில் பாஸ்டன் நகரஞ் சென்றார். மனைவியைப் பிரிந்து சென்ற அவர் மீண்டும் தாயகம் திரும்பவேயில்லை.

அங்கு ஆஸ்பத்திரியில் இரவுநேர ஏவல் வேலை பார்த்துக்கொண்டே ஹார்வர்டு சர்வகலாசாலையிற் கற்றார். 1925இல், ஃபிஸ்க் என்னும் ஆசிரியருடன் கூடி, இரத்தத்திலும் சிறுநீரிலுமுள்ள பாஸ்பரஸை அளந்தறியும் முறையை வெளியிட்டார். தசைகளுக்கு ஆற்றலளிக்கும் பாஸ்போகிரியாட்டினை 1927இலும், உயிரணுக்களின் ஆற்றற் சேமிப்பாகிய ஏ.டி.பி.யை 1929இலும் இருவரும் கண்டறிந்து உரைத்தனர். இத்துணை செய்தும் அங்கு அவருக்கு நிலையான பதவி கிடைத்திலது. ஆகவே 1940இல் லெடர்லி மருந்து ஆராய்ச்சிச் சாலையை அடைந்தார்.

அங்கே அவர் தலைமையில் உழைத்த குழுவினர் 1945இல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கை முறையில் ஆக்கினர். சகோதரரைக் கொன்ற ஸ்புரு நோய்க்கு அவ்வமிலமே மருந்தாயிற்று. மணிமங்கலம் போன்ற நம் ஊர்களில் கருவுற்ற தாய்மாருக்கு வழங்கும் இரும்புச்சத்து மாத்திரையிலும் இன்று அது சேர்ந்துள்ளது.

வெள்ளணுக்கள் உடலைக் காக்கும் காவற்படை போன்றவை. கிருமிகள் புகுங்கால் அவை பெருகி எதிர்க்கும். லுகீமியா என்னும் இரத்தப் புற்றுநோயிலோ, முதிராத வெள்ளணுக்கள் வரம்பின்றிப் பெருகி, காக்குந் தொழிலை விடுத்து, உடலையே மாய்க்கின்றன. அணுவொன்று இரண்டாகப் பிரிதற்கு ஃபோலிக் அமிலம் இன்றியமையாதது. பாஸ்டன் சிறுவர் ஆஸ்பத்திரியைச் சேர்ந்த டாக்டர் சிட்னி ஃபார்பர், ஃபோலிக் அமிலவகையைக் கொடுத்தபோது இந்நோய் விரைந்து வளரக் கண்டார். அங்ஙனமாயின் அதற்கு எதிரான பொருள் நோயைத் தடுக்குமன்றோ? சுப்பாராவின் குழுவினர், உருவில் ஃபோலிக் அமிலத்தை ஒத்தும் செயலில் மாறுபட்டும் விளங்கும் அமினாப்டெரின் என்னும் மருந்தை ஆக்கியளித்தனர். பூட்டினுள் நுழைந்தும் அதைத் திறவாத சாவி போல, அது அணுக்களை ஏமாற்றி அவற்றின் பெருக்கத்தைத் தடுத்தது. 1948 ஜூனில் ஃபார்பர் வெளியிட்ட கட்டுரையின்படி, சிகிச்சை பெற்ற 16 குழந்தைகளுள் 10 பேருக்கு நோய் தணிந்தது. அத்தணிவு நிலைத்ததன்று, எனினும், மருந்தினால் இந்நோயை அடக்கலாமென்னும் நம்பிக்கை பெற்றோர்க்கும் மருத்துவர்க்கும் அன்றுதான் பிறந்தது. அம்மருந்தின் இனமாகிய மெத்தோட்ரெக்சேட் இன்று புற்றுநோய்க்கேயன்றி, காவலணுக்கள் தம் உடலின் மூட்டுக்களையே தாக்கும் முடக்குவாதத்துக்கும் சிறு அளவில் வழங்கப்படுகிறது.

யானைக்கால் நோய்க்குரிய ஹெட்ரசான் மருந்து 1947இலும், டாக்டர் டக்கர் கண்ட ஆரியோமைசின் 1948இலும் அவ்வாராய்ச்சிச் சாலையினின்றே வெளிவந்தன. அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில், தம் 53ஆம் வயதில், சுப்பாராவ் உறக்கத்திலேயே உயிர்நீத்தார். அமெரிக்கக் குடியுரிமை பெறுதற்கு வழி திறந்த பின்னும் அதனை அவர் பெற்றுக்கொள்ளவில்லை, இந்தியராகவே மறைந்தார். 1995இல் இந்திய அரசினர் அவர் உருவம் பொறித்த தபால்தலை வெளியிட்டனர்.

பரீட்சையில் தவறியோரும், தகுதியிருந்தும் பட்டம் மறுக்கப்பெற்றோரும் இப்பெரியாரை நினைத்தல் நன்று. அவர் தம் துயரத்தைப் பிறர் துயர் தீர்க்கும் முயற்சியாக மாற்றினார். அவர் பெயரறியாத எத்தனையோ குழந்தைகள் அம்முயற்சியால் இன்று உயிர் வாழ்கின்றனர்.