கடனைத் தீர்த்த மாநகரத் தலைவர்

ஜான் பாய்டல் 1720ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தார். அவருடைய தந்தை நில அளவையாளர். பாய்டலும் முதலில் அத்தொழிலையே பழகினார். ஒருநாள் ஹாவர்டன் கோட்டையின் அச்சுப்படம் ஒன்று அவர் கண்ணில் பட்டது. அக்காலத்தில் செப்புத் தகட்டில் உருவத்தைச் செதுக்கி, மை பூசி, தாளில் அழுத்திப் படம் எடுப்பர். அக்கலையைக் கற்க விரும்பிய பாய்டல் இலண்டன் மாநகருக்கு நடந்தே சென்றார். அப்படத்தைச் செதுக்கிய டாம்ஸ் என்பவரிடமே மாணவராகச் சேர்ந்தார்.

பின்னர்ச் சொந்தமாகப் படக்கடை தொடங்கினார். தம் கைத்திறனின் அளவை அவர் அறிந்திருந்தார். ஆகவே, தம்மினும் வல்ல கலைஞர்களுக்கு நல்ல ஊதியம் தந்து படங்களைச் செதுக்கச் செய்தார். அதுவரை பிரான்சு நாட்டுப் படங்களை விலைக்கு வாங்கிவந்த இங்கிலாந்து, அவர் முயற்சியால் அயல்நாடுகளுக்குப் படங்களை விற்கத் தொடங்கியது.

வணிகத்தில் பெற்ற நற்பெயர் அவரைப் பொதுப்பணிக்கு அழைத்தது. 1782ஆம் ஆண்டு அவர் இலண்டனின் சீப் வட்டத்திற்கு ஆல்டர்மன் எனப்படும் மாநகராட்சி உறுப்பினரானார். 1785இல் ஷெரீப் பதவியையும், 1790இல் லார்டு மேயர் என்னும் மாநகரத் தலைவர் பதவியையும் ஏற்றார். 1793இல் தம்மிடமிருந்த ஓவியங்கள் பலவற்றை மாநகராட்சிக்கு அன்பளிப்பாக வழங்கினார்.

நாடகப் பேராசிரியர் ஷேக்ஸ்பியரின் காட்சிகளைச் சிறந்த ஓவியர்களைக் கொண்டு தீட்டச் செய்து, 1789இல் ஓவியக்கூடம் ஒன்றையும் அவர் திறந்திருந்தார். அதனை நாட்டிற்கே விட்டுச்செல்ல எண்ணினார். ஆனால், 1793இல் பிரான்சுடன் போர் மூண்டது. அயல்நாட்டு விற்பனை நலிந்தது, கடன் பெருகியது. எண்பது வயதைக் கடந்த பாய்டல், கடன் கொடுத்தவர்களை ஏமாற்ற விரும்பவில்லை. ஓவியக்கூடத்தையும் ஓவியங்களையும் பரிசாக வைத்துப் பரிசுச்சீட்டு விற்க நாடாளுமன்றத்தின் இசைவைப் பெற்றார். ஒரு சீட்டின் விலை மூன்று கினி. 22,000 சீட்டுகளும் விற்றுத் தீர்ந்தன.

1804ஆம் ஆண்டு டிசம்பர் திங்களில் பாய்டல் மறைந்தார். அடுத்த மாதம் குலுக்கல் நடைபெற்றது. அவர் கனவு கண்ட ஓவியக்கூடம் நாட்டிற்குக் கிட்டவில்லை. பரிசு பெற்றவர் கைக்கே சென்றது. எனினும், சீட்டு விற்ற பணத்தால் அவருடைய கடன்கள் தீர்ந்தன. அரிதின் தேடிய செல்வத்தை இழந்தும், சொன்ன சொல்லைக் காத்தவர் ஜான் பாய்டல்.