இம்ரே நாகி: உத்தரவாதத்தை நம்பி வெளியே வந்தவர்

1954 நவம்பர் 1 அன்று, பெரிய முதலியார்சாவடியில் வாழும் நமக்கு அடுத்த ஊரான புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியிலிருந்து விடுபட்டது. இரு அரசுகள் பேசின, எழுதின, எழுதியபடி நடந்தன. சரியாக இரண்டு ஆண்டுகள் கழித்து அதே தேதியில், ஹங்கேரியின் பிரதமர் இம்ரே நாகி தன் நாடு இனி எந்த அணியிலும் இல்லை என்று அறிவித்தார். அவருக்குக் கிடைத்தது தூக்குக் கயிறு.

நாகி 1896ல் ஓர் எளிய குடும்பத்தில் பிறந்தவர். முதல் உலகப்போரில் ரஷ்யாவில் கைதியாகி, அங்கேயே கம்யூனிஸ்ட் ஆனார். விவசாய அமைச்சராக 1945ல் பெரும் பண்ணைகளின் நிலத்தை ஏழை விவசாயிகளுக்குப் பங்கிட்டார். 1953ல் பிரதமராகித் தடுப்பு முகாம்களை மூடினார். 1955ல் கட்சி அவரைப் பதவியிலிருந்து இறக்கியது.

1956 அக்டோபர் 23 அன்று புடாபெஸ்ட் மக்கள் தெருவில் இறங்கினர். சோவியத் டாங்கிகள் நகருக்குள் வந்தன. மறுநாள் நாகி மீண்டும் பிரதமரானார். கோர்வின் திரையரங்கைச் சுற்றிய குறுகலான சந்துகளில் தொழிலாளர்களும் பள்ளி வயதுப் பையன்களும் பெட்ரோல் குண்டுகளோடு நின்றார்கள். அந்தத் தெருக்களில் டாங்கிகள் திரும்ப இடமில்லை. முதலில் தயங்கிய நாகி, 28ஆம் தேதி இது சதியல்ல, மக்கள் எழுச்சி என்று ஏற்றுக்கொண்டு சண்டையை நிறுத்தச் செய்தார்.

நவம்பர் 3 இரவு, படை விலகல் பற்றிப் பேசச் சென்ற பாதுகாப்பு அமைச்சர் பால் மலேட்டர் பேச்சுவார்த்தை மேசையிலேயே கைது செய்யப்பட்டார். விடியற்காலையில் டாங்கிகள் மீண்டும் நுழைந்தன. அதே நாட்களில் எகிப்தின் சூயஸ் மீது இஸ்ரேலும் பிரிட்டனும் பிரான்சும் தாக்குதல் நடத்தியதால் உலகின் கவனம் சிதறியது. நவம்பர் 4 அன்று சோவியத் தலையீட்டைக் கண்டித்து ஐ.நா. சபையில் வந்த தீர்மானத்தில் இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கியது. ஆனால் புடாபெஸ்டில் நமது தூதரகப் பொறுப்பாளராக இருந்த எம்.ஏ. ரஹ்மான் போராட்டக்காரர்களுக்குக் காது கொடுத்தார். அவரோடு தொடர்பில் இருந்த எழுத்தாளர் அர்பாத் கோன்ஸ் பின்னர் ஆயுள் தண்டனை பெற்றார். 1990ல் அவரே நாட்டின் ஜனாதிபதியானார்.

யூகோஸ்லாவியத் தூதரகத்தில் அடைக்கலம் புகுந்த நாகிக்கு, புதிய ஆட்சியாளர் யானோஷ் காதார் எழுத்து மூலம் பாதுகாப்பு உத்தரவாதம் தந்தார். நவம்பர் 22 அன்று அதை நம்பி வெளியே வந்தவர், ஏறிய பேருந்திலேயே பிடிபட்டு ருமேனியாவுக்குக் கொண்டு செல்லப்பட்டார். இரகசிய விசாரணையில் அவர் கருணை கேட்கவில்லை. 1958 ஜூன் 16 அன்று மலேட்டரோடு தூக்கிலிடப்பட்டார். கல்லறையில் பெயர்கூட வைக்கப்படவில்லை.

அடைக்கலம் கேட்டவருக்குக் கொடுத்த வாக்கு ஓர் அமானிதம் என்று நாம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். அதைக் காப்பது ஆட்சியாளருக்கும் கடமையே. 31 ஆண்டுகள் கழித்து, 1989 ஜூன் 16 அன்று, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கூடி நாகியை மரியாதையோடு அடக்கம் செய்தனர். ஜூலை 6 அன்று நீதிமன்றம் அவரை நிரபராதி என்று தீர்ப்பளித்தது. காதார் இறந்ததும் அதே நாளில்தான்.