வெயிட் குறைக்கணுமா? காந்தி மாத்தினது ஒவ்வொண்ணாத்தான்!

திண்டுக்கல்லில் இருந்துக்கிட்டு உடம்பைக் குறைக்கிறது லேசுப்பட்ட காரியமா என்ன? திங்கட்கிழமை ஆரம்பிக்கிற டயட், புதன்கிழமை சீரகச் சம்பா பிரியாணி வாசனையில் முடிஞ்சுபோகும். காரணம், நாம எல்லாத்தையும் ஒரே நாளில் மாத்தப் பார்க்கிறோம். சாப்பாட்டை ஒவ்வொண்ணா மாத்தின ஒருத்தரோட கதையைக் கேளுங்க. அவரை உங்களுக்கு நல்லாவே தெரியும். காந்தி!

1888-ல் சட்டம் படிக்க லண்டன் போனப்போ அவருக்கு வயசு 18. கையில் காசு குறைவு. அதனால வண்டிச் செலவை நிறுத்திட்டு நடக்க ஆரம்பிச்சார். தினமும் 8 முதல் 10 மைல், அதாவது 13 முதல் 16 கிலோமீட்டர். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டிலிருந்து சின்னாளப்பட்டி போற தூரத்தைவிட அதிகம்! மிச்சம் பிடிக்கத்தான் நடந்தார், உடம்பும் உறுதியாச்சு.

அடுத்து நாக்கு. வீட்டிலிருந்து வரவழைச்ச இனிப்பையும் மசாலாவையும் விட்டார். முன்னாடி சப்புனு இருந்த வேகவெச்ச கீரை, பிறகு ருசிக்க ஆரம்பிச்சது. நாக்கைப் பழக்க முடியும்னு அப்போ புரிஞ்சது.

பல வருஷம் கழிச்சு, தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க். வக்கீல் காந்தி மூணு வேளையும் வயிறாரச் சாப்பிட்டு, சாயங்காலம் டீயும் குடிப்பார். அடிக்கடி தலைவலி, கூடவே மலச்சிக்கல். காலை உணவே வேண்டாம்னு இங்கிலாந்தில் ஒரு சங்கம் தொடங்கினதைப் படிச்சார். தானும் நிறுத்திப் பார்த்தார். சில நாள் சிரமப்பட்டார். பிறகு தலைவலி காணாமப்போச்சு. தேவைக்கு மேல சாப்பிட்டுக்கிட்டு இருந்தோம்னு முடிவுக்கு வந்தார். ஆனா, மலச்சிக்கல் தீரலை. அதுக்கு வேற வழி தேடினார்.

1915-ல் ஹரித்துவாரில் ஒரு விரதம் எடுத்தார்: ஒரு நாளைக்கு ஐந்து பொருளுக்கு மேல் சாப்பிடுறதில்லை, இருட்டின பிறகு சாப்பிடுறதே இல்லை.

இங்கேதான் நீங்க உஷாரா இருக்கணும். காந்தி எல்லை தாண்டினதும் உண்டு. 1918-ல் கடுமையான வயிற்றுப்போக்கு வந்து சாவின் விளிம்புவரை போனார். பால் குடிக்கிறதில்லைனு சபதம் எடுத்திருந்தவர், கடைசியில் கஸ்தூர்பா சொன்னபடி ஆட்டுப்பால் குடிச்சுத்தான் தேறினார். 1939-ல் அவர் எடை 46.7 கிலோ. அவர் உயரத்துக்கு அது குறைவான எடை. அதனால அவரோட எடையையோ உண்ணாவிரதத்தையோ காப்பி அடிக்காதீங்க. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுறவங்க, டாக்டரைக் கேட்காம ஒரு வேளையைக்கூட விடக் கூடாது.

எடுத்துக்க வேண்டியது அவரோட முறையை மட்டும்தான். ஒண்ணை மாத்து, உடம்பு என்ன சொல்லுதுனு பாரு, ஒத்துக்கிட்டா தொடரு, இல்லைனா விடு.

சின்னாளப்பட்டி பக்கத்தில் காந்திகிராமம் இருக்கே, 1947-ல் டாக்டர் சௌந்தரமும் அவர் கணவர் ஜி.ராமச்சந்திரனும் தொடங்கினது. அடுத்த தடவை அந்த வழியா பஸ்ஸில் போறப்போ, ஒரு ஸ்டாப் முன்னாடியே இறங்கி நடந்து பாருங்க. இந்த வாரத்துக்கு அது மட்டும் போதும். ராத்திரி பரோட்டாவை அடுத்த வாரம் பார்த்துக்கலாம்!