நாட்குறிப்பால் வாழும் ஆனந்தரங்கர்

புதுவை மண்ணின் பெயரைத் தமிழ் உரைநடை வரலாற்றில் நிலைபெறச் செய்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை. அவர் புலவர் அல்லர், வணிகர், துபாசி. புலவர்களைப் புரந்த அப்பெருமகனின் வாழ்வும், அவர் எழுதி வைத்த ஏடுகள் அழியாது நம் கைக்கு வந்த வரலாறும் பழைய நூல்களில் இன்பங்காணும் நெஞ்சினர் அனைவரும் அறியத்தக்கவை.

பிறப்பும் வளர்ப்பும்

ஆனந்தரங்கர் 1709ஆம் ஆண்டு மார்ச்சு 30ஆம் நாள் சென்னையை அடுத்த பெரம்பூரில் திருவேங்கடம் பிள்ளையின் மகனாகப் பிறந்தார். இளமையிலேயே தாயை இழந்தார். தந்தையின் மைத்துனரான நைனியப்ப பிள்ளை புதுவையில் பிரெஞ்சுக்காரரின் தலைமைத் துபாசியாக விளங்கியவர். ஆளுநரின் சினத்துக்கு ஆளாகிச் சிறைப்பட்ட அவர், 1717இல் சிறையிலேயே மாண்டார். அரசினர் தரும் பெருமை எத்துணை நிலையற்றது என்பதை அக்குடும்பம் அன்றே உணர்ந்திருக்கும்.

1726இல் தந்தை மறைந்தபின் வணிகப் பொறுப்பு இளைஞரான ஆனந்தரங்கரின் தோள்மேல் விழுந்தது. துய்ப்ளே ஆளுநராக இருந்த காலத்தில் அவர் செல்வாக்கு ஓங்கியது. கனகராய முதலியார் 1746இல் மறைய, அடுத்த ஆண்டில் ஆனந்தரங்கர் தலைமைத் துபாசியானார். முசபர் சங் அவருக்கு மன்சப்தார் என்னும் சிறப்பு நல்கினார்.

நாட்குறிப்பு

1736 செப்டம்பர் 6ஆம் நாள் அவர் எழுதத் தொடங்கிய நாட்குறிப்பு, இடையிடையே விடுபட்டும் 1761 வரை நீண்டது. கப்பல் வந்த செய்தி, சரக்கின் விலை, ஆளுநர் மாளிகைப் பேச்சு, ஊர் வழக்கு, திருமணம், வதந்தி என எதனையும் அவர் ஒதுக்கவில்லை. 1746இல் சென்னைக் கோட்டையைப் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றியதும், 1748இல் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்ட துயரமும் அதில் இடம்பெற்றன. அதே ஆண்டில் ஆங்கிலப் படை நம் முதலியார்பேட்டைக்குத் தெற்கேயுள்ள அரியாங்குப்பத்தைப் பிடித்துப் புதுவையை முற்றுகையிட்ட செய்தியையும் அதிற் காணலாம்.

அவர் கையாண்டது இலக்கண வரம்புக்குட்பட்ட செந்தமிழன்று. கணக்கரும் வணிகரும் அன்றாடம் வழங்கிய தமிழ். பாரசீகச் சொல்லும் பிரெஞ்சுச் சொல்லும் அதில் இயல்பாகக் கலந்து வரும். பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுவை மக்கள் பேசிய பேச்சை இன்று நாம் செவிமடுக்க இயல்வது அதனாலேயே.

புலவர் போற்றிய வள்ளல்

தமிழ், தெலுங்கு, வடமொழி ஆகிய மூன்று மொழிப் புலவரும் அவரைப் பாடினர். தியாகராய தேசிகர் ஆனந்தரங்கன் கோவை இயற்றினார். சீனிவாச கவி 1752இல் ஆனந்தரங்க விசய சம்பு என்னும் வடமொழி நூலை யாத்தார். கஸ்தூரி ரங்ககவி தெலுங்கில் யாப்பிலக்கண நூலொன்றை அவர் பெயரால் அமைத்தார். இம்மூன்றும் கற்றோர் அளவிலேயே நின்றன. தம் புகழுக்கென்று எழுதாத நாட்குறிப்போ அவர் பெயரை உலகெங்கும் கொண்டு சென்றது. பாட்டுடைத் தலைவர் என்பதினும் நாட்குறிப்பாளர் என்பதே இன்று அவருக்குரிய அடையாளம்.

ஏடுகள் பிழைத்த வரலாறு

1756இல் ஆனந்தரங்கர் பதவியை இழந்தார், உடல்நலமும் குன்றியது. 1761 சனவரி 16ஆம் நாள் புதுவை ஆங்கிலேயர் வசமாயிற்று. அதற்குச் சில நாள் முன்னரே அவர் கண்மூடினார். நகர் தரைமட்டமாக்கப்பட்ட அவ்வழிவிலும் குறிப்பேடுகள் தப்பின. வழித்தோன்றல்கள் அவற்றைப் பேணிக் காத்தனர்.

எண்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1846இல், கலுவா மோம்பிரேன் என்னும் பிரெஞ்சு அலுவலர் அவற்றைக் கண்டறிந்து படியெடுத்தார். தமிழ்ச்சுவடிகளைத் தேடித் தொகுத்த எதுவார் ஆரியேல் எடுத்த படி பாரிசு தேசிய நூலகத்தைச் சேர்ந்தது. 1892இல் சென்னை அரசும் படியெடுக்க முற்பட்டது. அதன் பயனாக 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்தது. தமிழில் எழுதிய நூல் தமிழிலேயே அச்சேற, 1948 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 2019இல் மு. இராசேந்திரனும் அ. வெண்ணிலாவும் பன்னிரண்டு தொகுதிகளாகப் பதிப்பித்தனர். புதுவை எழுத்தாளர் பிரபஞ்சன், 1995இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற 'வானம் வசப்படும்' புதினத்துக்கு இந்நாட்குறிப்பையே ஊற்றாகக் கொண்டார்.

எனினும் நாட்குறிப்பில் சில பகுதிகள் இன்றளவும் கிடைத்தில. காணாமற்போன ஒரு திங்களின் ஏட்டை எந்த அறிஞராலும் மீண்டும் எழுதித் தர இயலாது. எழுதியவர் ஒருவர், காத்தவர் பலர், படியெடுத்தவர் சிலர். இவருள் ஒருவர் தவறியிருப்பினும் இந்நூல் நமக்கில்லை. நம் இல்லத்துப் பரணிலும் பழம்பெட்டியிலும் கிடக்கும் ஏடுகளையும் கணக்குப் புத்தகங்களையும் பழந்தாள் என்று எடைக்குப் போடுமுன் ஒருமுறை பிரித்துப் பார்த்தல் நம் கடனாகும். ரங்கப்பிள்ளை வீதியில் நடக்குந்தோறும் இக்கடமை நம் நினைவுக்கு வருக!