ஆசிரியருக்காக அச்சகத்தை இழந்த அதிபர்

புது தில்லி: என்.டி.டி.வி. நிறுவனம் 2022-ல் அதானி குழுமத்தின் வசம் சென்றதையடுத்து, ஊடக உரிமையாளருக்கும் ஆசிரியருக்கும் இடையிலான எல்லை எது என்ற விவாதம் தலைநகரில் வலுத்தது. நூறாண்டுகளுக்கு முன்பே அந்த எல்லையை வகுத்து, அதற்கான விலையையும் கொடுத்தவர் வக்கம் அப்துல் காதர் மௌலவி.

திருவனந்தபுரம் அருகே வக்கத்தில் 1873-ல் வசதியான வணிகக் குடும்பத்தில் பிறந்த அவர், 1905-ல் 'சுதேசாபிமானி' இதழைத் தொடங்கினார். இங்கிலாந்திலிருந்து அச்சு இயந்திரத்தை வரவழைத்தார். 1906-ல் ஆசிரியர் பொறுப்பை ஏற்ற கே. ராமகிருஷ்ண பிள்ளைக்கு முழுச் சுதந்திரம் அளித்தார்.

தெற்கே கடற்கரை முதல் கிழக்கே பீர்மேட்டு மலைகள் வரை பரவியிருந்த திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் நிர்வாகத்தையும், திவான் பி. ராஜகோபாலாச்சாரியையும் பிள்ளை கடுமையாக விமர்சித்தார். மௌலவி தடுக்கவில்லை.

1910 செப்டம்பர் 26-ல் அச்சகம் பறிமுதல் செய்யப்பட்டது. பிள்ளை கைது செய்யப்பட்டு, திருநெல்வேலிக்கு நாடு கடத்தப்பட்டார். பின்னர் சென்னையிலும் பாலக்காட்டிலும் வாழ்ந்த அவர், 1916-ல் கண்ணூரில் 37 வயதில் காலமானார்.

அச்சகத்தை மீட்பதற்காக ஆசிரியரைக் கைவிட மௌலவி முன்வரவில்லை. சமயச் சீர்திருத்தத்திலும் கல்விப் பணியிலும் ஈடுபட்ட அவர், 1918-ல் 'அல் இஸ்லாம்' இதழைத் தொடங்கினார். 1932-ல் அவர் மறையும்வரை அச்சகம் அவரிடம் திரும்பவில்லை.

பிள்ளைக்குக் கிடைத்த சுதந்திரத்துக்குச் சட்டப் பாதுகாப்பு எதுவும் இல்லை. உரிமையாளரின் நேர்மை ஒன்றே காவலாக இருந்தது. அத்தகைய உரிமையாளர் வாய்க்காத ஆசிரியருக்கு எது காவல் என்பதே இன்றும் எஞ்சி நிற்கும் கேள்வி.